நகம் எடுக்க எவ்வளவு ஆகும்

செப்டம்பர் 10, 2023, ஞாயிறு. கொலம்பஸ், ஒஹாயோ

வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மகள் ரெனில்டா வேலைக்குப் போனபின் வீட்டில் நான் மட்டும்தான். சும்மா இருக்க வேண்டாம், ஏதாவது எழுதும்மா என்று இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். நர்ஸ் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் எழுதியதெல்லாம் வார்டு ரிப்போர்ட்தான். எந்தப் படுக்கையில் யார், காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து போனது. அந்தக் கைப்பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன்.

சர்ச்சில் பூசைக்குப் போய்வந்தோம். இந்த ஊர்க் குளிருக்கென்று தூத்துக்குடியில் வாங்கிய ஷூ வலது கால் கட்டைவிரலை நசுக்குகிறது. விமானத்திலேயே வலி ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்தேன், நாலு துண்டு பொரித்தேன். ரெனி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எண்ணெய் அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். சின்னதில் பொரித்த துண்டுக்காக அவள் அப்பாவோடு சண்டை போட்டவள். இப்போது ஓட்ஸ் கஞ்சியும் வேகவைத்த ஆப்பிளும் போதுமாம். இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள்.

செப்டம்பர் 14, வியாழன்

குளித்தபின் விரலைப் பார்த்தேன். நகத்தின் உள்ஓரம் சதைக்குள் இறங்கியிருக்கிறது. சுற்றிலும் சிவப்பு. தொட்டால் உயிர் போகிறது.

வியாழக்கிழமை என்றால் பெரியாஸ்பத்திரியில் எங்களுக்கு நகக் கிழமை. உப்பளத்து ஆட்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிற கால்கள். தோல் வெளுத்து, வெடித்து, நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்திருக்கும். சின்ன ஆபரேஷன் அறையின் வாசலில் பெஞ்சு நிறைந்து, மிச்சப் பேர் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் சுடலைமுத்து அண்ணாச்சி பேரைக் கூப்பிடுவார். நான் கத்தி, இடுக்கி வைத்த தட்டை எடுத்து வைப்பேன். சர்ஜன் விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போட்டு, இறுக்கிக் கட்டி, ஒரு இழு. முடிந்தது. ஒரு காலையில் இருபது நகம்கூட எடுத்திருக்கிறோம். ஓ.பி. சீட்டைத் தவிர அவர்கள் கையில் வேறு ஒன்றும் இருக்காது, யாரும் கேட்கவும் மாட்டோம். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வரும்போது ஒருத்தி ஒரு பை உப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

கஸ்பாரையும் அந்த அறையில்தான் முதலில் பார்த்தேன். துறைமுகத்தில் மரப்பெட்டி ஒன்று காலில் விழுந்து, நகம் கறுத்துப்போய் வந்திருந்தார். ஊசி போடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நகம் போன ஆளுக்கு இரண்டு தடவை கட்டுப் போட்டால் போதும். அவர் ஏழு தடவை வந்தார். கடைசித் தடவை அண்ணாச்சி, "தம்பி, காலு ஆறிட்டு. இனி என்னத்துக்குக் கட்டுப் போடணும்னு சொல்லிட்டுப் போம்" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாசம் பெண் கேட்டு வந்தார்கள்.

கஸ்பார் போய் நாலு வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

உப்புத் தண்ணீரில் கால் வைத்தேன். கொஞ்சம் சுகம். ரெனியிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

ரெனி போனதும் இணையத்தில் கால் டாக்டர்களின் நம்பர்களைத் தேடி எடுத்தேன். என் இங்கிலீஷ் வார்டு இங்கிலீஷ்தான். ஆனாலும் நோயைச் சொல்ல அது போதும். ஐந்து இடத்துக்குப் போன் செய்தேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி: கட்டைவிரல் நகத்தின் ஓரத்தை எடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் இல்லை, எவ்வளவு ஆகும்?

முதல் இடத்தில் டாக்டர் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்கள். பார்ப்பதற்கு மட்டும் நூற்று அறுபது டாலர். இரண்டாவது இடத்துப் பெண் பிரியமாகப் பேசினாள், இருநூற்று நாற்பது ஆகும், மருந்தும் கட்டும் தனி என்றாள். மூன்றாவது இடத்தில் நானூற்றுப் பத்து. நாலாவது ஒரு ஆஸ்பத்திரி. என்னை மூன்று பேரிடம் மாற்றிவிட்டு, கடைசியில் பேசிய ஆள், டாக்டருக்குத் தனி, அறைக்குத் தனி, மொத்தம் ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்குள் இருக்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றான். ஐந்தாவது இடத்தில் கால் மணி நேரம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம்.

ஒரே மாநிலம், ஒரே நகம். ஆயிரத்து முந்நூற்றைம்பதை ரூபாயாக்கிப் பார்த்தேன். லட்சத்துக்கு மேல் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி இருந்தால் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

ரெனி எடுத்துத் தந்த பயணக் காப்பீட்டின் தாளையும் படித்தேன். இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே இருந்த நோய்க்குத் தரமாட்டார்களாம். வலி ஆரம்பித்தது விமானத்தில். கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது.

செப்டம்பர் 20, புதன்

இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். எண்ணெய் படாத ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். வலது தோள்பட்டையை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிற வலி என்கிறாள். தைலம் தேய்த்துவிடவா என்றேன். வேண்டாம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராபினோடு வாழ்ந்த வீட்டிலும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வாளோ என்னவோ. விவாகரத்து பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து சமைத்துப் போட்டாலும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்ய?

செப்டம்பர் 23, சனி

ரெனி அலுவலக வேலையாக வெளியே போயிருந்தாள். அவள் நகம் வெட்டும் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரியையும் இடுக்கியையும் சோறு வடிக்கிற பாத்திரத்தில் இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். குளியலறையில் உட்கார்ந்து, ஐஸ்கட்டியை விரலில் வைத்து மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரத்தை நானே நறுக்கி எடுத்தேன். எத்தனை நகத்துக்குத் தட்டு எடுத்து வைத்தவள் நான். கொஞ்சம் இரத்தம். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

செப்டம்பர் 28, வியாழன்

அடியில் ஒரு முள் அளவு நகம் விட்டுப்போயிருக்கிறது. அது உள்ளே குத்திப் பழுத்துவிட்டது. சிவப்பு பாதத்தின் பாதிவரை ஏறியிருக்கிறது. காலையில் உடம்பு சுட்டது. எனக்குச் சர்க்கரை வேறு. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாததா?

சாயங்காலம் துணி துவைக்கும் கூடையில் சீழும் இரத்தமும் பட்ட என் காலுறையை ரெனி பார்த்துவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். காலைக் காட்டு என்றாள். காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"ஒரு நகத்துக்கு இந்த ஊர்ல லட்ச ரூவா கேக்காண்ட்டி. உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

"வார்டுல ஒரு ஆளு இப்படிக் காலோட வந்தா நீ என்ன சொல்லுவ? ஏன் முன்னாலயே வரலைன்னு திட்டமாட்டியா?"

திட்டுவேன். நிறையப் பேரைத் திட்டியிருக்கிறேன். அவர்களும் என்னைப்போலத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருநூற்று நாற்பது சொன்ன இடத்துக்கு ரெனி நாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கால் டாக்டர் சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கலாம். விரலைப் பார்த்ததும் இதை யார் வெட்டினார்கள் என்று கேட்டாள். நான் என்றேன். நர்ஸா என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப்பிறகு என்னிடம் எல்லாவற்றையும் தொழில்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள். ஊசி போட்டாள். நகம் முழுவதையும் எடுக்கவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய பட்டையாக அறுத்து எடுத்து, நகம் முளைக்கிற வேரில் மருந்து தொட்டு வைத்தாள். அந்த ஓரம் இனி முளைக்காது, தொந்தரவும் வராது என்றாள்.

நாங்கள் முழு நகத்தையும் பிடுங்கிவிடுவோம் என்று சொன்னேன். அப்படிச் செய்தால் பாதிப் பேருக்குத் திரும்பவும் உள்ளேதான் வளரும் என்றாள். உண்மைதான். அதே ஆட்கள் வருஷா வருஷம் வருவார்கள். தெரிந்த முகம் என்று நானும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்.

கட்டுப் போட்டு முடித்தார்கள். மருந்து, கட்டு எல்லாம் சேர்த்து முந்நூற்று எண்பத்தைந்து. ரெனி கார்டை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. கழிப்பறைக்கு ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது.

கார் வரைக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். அவள் இருக்கையில் சாய்ந்து வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். கை இருந்த இடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சட்டையைத் தூக்கச் சொல்லி, வலது விலா எலும்பின் கீழே விரல்களை வைத்தேன். மூச்சை இழு என்றேன். பாதியில் மூச்சு நின்று, என் கையைத் தட்டிவிட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ஜூன்ல இருந்து."

"டாக்டர்ட்ட போனியா?"

"ஸ்கேன் எடுத்தாச்சும்மா. பித்தப்பையில கல்லு. எடுக்கணும்னாங்க." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "ஜூலைல வேலை போயிட்டு. அதோட இன்சூரன்ஸும் போயிட்டு. ஆகஸ்ட்ல இந்தப் புது வேலை. இதுல நவம்பர் ஒண்ணாந் தேதிதான் இன்சூரன்ஸ் ஆரம்பிக்கும். அதுவரை தாங்கிட்டா போதும்."

ஊருக்குப் போய் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். புது வேலையில் லீவு கேட்டால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும் என்றாள். வலி அடங்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அந்தக் கார் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 30, சனி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எண்ணெய் பட்டதைச் சாப்பிடவில்லை. வலது தோள்பட்டையில் வலி. எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள் இதைப் பார்த்தும் பித்தப்பைக் கல் என்று கண்டுபிடிக்கவில்லை என்றால் வரிசையில் நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பேன். நானோ, என் சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

இந்த வீட்டில் இனி எண்ணெய் இல்லை. இட்லி, இடியாப்பம், கஞ்சி, வேகவைத்த சுரைக்காய். கீழ்வீட்டில் பிஷ்ணு என்று ஒரு நேபாளத்துக்காரர் இருக்கிறார், டாக்ஸி ஓட்டுகிறார். பரங்கிக்கொடித் தளிர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் ஆவியில் வேகவைத்தேன்.

ரெனியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். வலி என்றால் பொறுப்போம். காய்ச்சலும் வந்து கண்ணும் மஞ்சளானால் அன்றைக்குப் பேச்சே கிடையாது, ஆஸ்பத்திரிதான். சரி என்றாள். தினமும் காலையில் ஜன்னல் பக்கம் நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, கண் வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

என் விரல் காய்ந்து வருகிறது.

அக்டோபர் 9, திங்கள்

வெள்ளை.

அக்டோபர் 13, வெள்ளி

வெள்ளை. நேற்று சாயங்காலம் லேசாக வலி வந்து போனதாம். இப்போது சொல்கிறாள். சொல்கிறாளே, அதுவே பெரிது.

அவள் சாப்பிடும்போது பழைய ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மயக்க ஊசி போடுவதற்கு முன்பே மயங்கி விழுந்த போலீஸ்காரர். மழைக்காலத்தில் ஆபரேஷன் அறைக்குள் வந்து படுத்துக்கொண்ட ஆடு. அண்ணாச்சி ஓய்வுபெற்ற அன்றைக்கு உப்பளத்து ஆட்கள் முப்பது பேர் பேண்டு வாத்தியத்தோடு வந்து அவரை வீடுவரை கூட்டிப்போனது. சொல்லச் சொல்ல எனக்கு அந்த டெட்டால் வாசனையே வருகிறது. ரெனி சிரிக்கிறாள். சில சமயம் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 20, வெள்ளி

வெள்ளை. இன்னும் பன்னிரண்டு நாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டைக் கையில் எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று.

காலை ஆறு மணிக்குக் குளிர் நடுக்கம். தொட்டால் அனல். ஜன்னல் திரையை விலக்கி இமையை இழுத்தேன். மஞ்சள்.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எட்டு நாளும்மா. எட்டே நாளு. மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்கிடுதேன்."

"எந்திரிட்டி."

"என்னால கட்ட முடியாதும்மா. முப்பதாயிரம், நாப்பதாயிரம் டாலர் வரும். ஆயுசு முழுக்கக் கட்டணும்."

"ஆயுசு இருந்தால்லா கட்டுவ? எந்திரி."

அவளிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அது வார்டில் பேசுகிற குரல். எழுந்தாள். ஆம்புலன்ஸ் மட்டும் வேண்டாம், அதற்குத் தனியாக வரும் என்று கெஞ்சினாள். கீழே போய் பிஷ்ணுவின் கதவைத் தட்டினேன். அவர் வண்டியில் பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்து வந்தாள். காசு கொடுத்ததற்கு வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் யாரும் முதலில் காசைப் பற்றிக் கேட்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். கல் ஒன்று பித்தக் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது, கிருமி இரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். எட்டு நாள் காத்திருந்தால் என்று கேட்டேன். அவ்வளவு நாள் தாங்கியிருக்க மாட்டாள் என்றார்.

அக்டோபர் 26, வியாழன்

வாய் வழியாகக் குழாய் விட்டு அடைத்த கல்லை நேற்று எடுத்தார்கள். இன்று வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது. மாதாவே, நன்றி.

மத்தியானம் ஒரு பெண் தாள்களோடு வந்தாள். இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியே குறைத்துத் தருகிற வழி இருக்கிறதாம். வேலை போன தேதி, சம்பளச் சீட்டு எல்லாம் கேட்டாள். எவ்வளவு குறையும் என்று இப்போது தெரியாது, தபாலில் வரும் என்றாள். மிச்சத்தை மாசா மாசம் கட்டலாம். என் பென்ஷனிலிருந்தும் போடுகிறேன் என்று ரெனியிடம் சொன்னேன். வழக்கமாக வேண்டாம் என்பாள். இன்று சரி என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். அவள் அலுவலகத்தில் ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வேலை போகவில்லை.

மத்தியானம் அவள் சோபாவில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நகக் கிழமையைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இடையில் பேசினாள்.

"நாலாங்கிளாஸ்ல எனக்குக் கை ஒடிஞ்சுதுல்லா, ஊஞ்சல்ல இருந்து விழுந்து. அது ஒரு வியாழக்கிழமைதான்."

எனக்குத் தெரியும் என்றேன்.

"ஸ்கூல் சிஸ்டர் என்னைய உன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தாங்க. நீ அந்த ரூம்ல இருந்து எட்டிப் பாத்த. கையத் தொட்டுப் பாத்துட்டு, ஆயாகிட்ட எக்ஸ்ரே வரிசையில உக்கார வைன்னு சொல்லிட்டு உள்ள போயிட்ட. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கதவு தொறக்கும்போதெல்லாம் நீதான் வாறியோன்னு பாப்பேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்லிக்காட்டணும்னு சொல்லலம்மா. இந்தத் தடவை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போகும்போது நீ கூடவே வந்த. அதான் ஞாபகம் வந்துட்டு" என்றாள்.

உள்ளே டேபிளில் ஒரு ஆள் இருந்தார், பாதியில் விட்டு வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"வந்து உன் பக்கத்துல உக்காந்திருக்கணும்ட்டி" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு உள்ளே இருந்தது யார், அவருக்குச் சரியாயிற்றா என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ பேரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது, பேர் நினைவிருக்கிறது, யாருக்கு எந்தக் காலில் எந்த விரல் என்பதுகூட நினைவிருக்கிறது. அன்றைக்கு டேபிளில் இருந்தவர் யார் என்று நினைவில்லை. அன்றையிலிருந்து எனக்கு நினைவில் நிற்பது, எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ஒடிந்த கையை மடியில் தாங்கிக்கொண்டு, அழாமல், நான் நின்ற கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் முகம் மட்டும்தான்.

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அதை அவளிடம் சொன்னேன்.